மூன்று நாமக்கோழிகளும் நான் சொன்ன பொய்யும்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் கால்நடை டாக்டர்களுக்கு அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனிடம் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். வேலையில் இருந்தபோது ஒருவரும் கேட்டதில்லை. பிழைக்காது என்று கைவிட்ட மாட்டைப் பிழைக்க வைத்த கதை, ஈனும்போது கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட கதை எல்லாம் என்னிடமும் உண்டு. அவற்றை மற்றவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள், கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். நான் தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த கதையைச் சொல்கிறேன். அதற்காக என் மேல் ஒரு மெமோகூட வரவில்லை. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகிற பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அந்த மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊருக்கு மேற்கே பெரிய ஏரி. மழை ஒழுங்காகப் பெய்த வருஷங்களில் பங்குனி வரை தண்ணீர் நிற்கும். கிளுவை என்கிற சின்ன வாத்து, ஊசிவால் வாத்து, நாமக்கோழி என்று பறவை வந்து இறங்கும். நாமக்கோழி தெரியும் அல்லவா? உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைப் பட்டை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது வீடுகள், இருளர் குடியிருப்பு. என் மருந்தகம் அங்கிருந்து மூன்று ஸ்டாப்பிங் தள்ளி, மெயின் ரோட்டில் இருந்தது. மனைவிக்கு உத்திரமேரூரில் டீச்சர் வேலை என்பதால், மாற்றல் வரும்போதெல்லாம் யாரையாவது பிடித்து அங்கேயே ஒட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே போனபோது, வெயில் காலம் வந்தால் வெள்ளைக்கழிச்சல் நோயில் நாட்டுக்கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாகும். முதல் கோழி செத்த அன்றே தகவல் கிடைத்தால் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் தடுப்பூசி போட்டு மீதியைக் காப்பாற்றலாம். தகவல் வராது. செத்ததைக் குழம்பு வைப்பார்கள், இல்லாவிட்டால் குப்பையில் வீசுவார்கள். அதனால் ஊர் ஊராகப் போய், "கோழி செத்தா தூக்கிப் போடாதீங்க, எங்கிட்ட கொண்டாங்க, அறுத்துப் பாத்துச் சொல்றேன்" என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

கொண்டுவந்த முதல் ஆள் கன்னியம்மா. அந்த இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். களையெடுப்பு, நடவு என்று கூலி வேலைக்குப் போவாள், வேலை இல்லாத நாளில் ஏரியில் நண்டு, நத்தை தேடுவாள். ஒரு நாள் காலை பழைய துணியில் சுற்றிய கோழியை நேராக என் மேஜைமேல் வைத்தாள்.

"செத்து ஒரு மணி நேரம்கூட ஆவல சார். அறுத்துப் பாரு."

பார்த்தேன். வெள்ளைக்கழிச்சல்தான். அன்று சாயங்காலமே ஊசி போடக் கிளம்பிவிட்டோம். அந்த வருஷம் சுற்றியிருந்த ஊர்களில் கோழிக் கூண்டுகள் காலியாயின, ஏரிக்கரைப் பக்கம் பெரும்பாலான கோழிகள் பிழைத்துவிட்டன. அதன்பிறகு எது செத்தாலும் நடந்தே கொண்டுவந்துவிடுவாள். கோழி, வாத்து, ஒருமுறை மயில்கூட. "தாயே, மயிலை மட்டும் இங்க கொண்டுவராதே, என்னத் தூக்கி உள்ள வச்சிடுவாங்க" என்று கும்பிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "செத்துப் போயி ரொம்ப நேரமான கோழி எதுக்கும் ஆகாது, அழுகுறதுக்கு முன்னால கொண்டா" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். மேலதிகாரிகள் வரும்போது, "என் ஏரியாவுல எது செத்தாலும் அன்னைக்கே எனக்குத் தெரியும் சார்" என்று பீற்றிக்கொள்வேன். நடந்தது அவள், பெயர் வாங்கியது நான்.

இரண்டாயிரத்து ஆறில் வடக்கே பறவைக் காய்ச்சல் வந்தது. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் கோழிகளைக் குழியில் கொட்டுவதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இங்கே கறிக்கடைகளில் ஈ ஓட்டினார்கள். அந்தக் கிருமியின் பூர்வீகம் காட்டு நீர்ப்பறவைகள் என்பது நீங்கள் படித்ததுதான். சில வாத்துகளுக்கு அது ஒன்றும் செய்யாது, எச்சத்தில் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீரில் வீட்டு வாத்தும் கோழியும் வாய் வைத்தால் கூண்டோடு போகும். அந்தக் கோழியைக் கையாளுகிற மனிதனுக்கும் வரலாம், வந்தால் பிழைப்பது கஷ்டம். ஏரியும் நீர்ப்பறவையும் வீட்டுக்கோழியும் ஒரே இடத்தில் இருப்பதால் எங்கள் வட்டாரத்தைத் தனியாகக் கவனிக்கச் சொன்னார்கள்.

ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்ய உத்தரவு வந்தது. "செத்த பறவையைத் தொடாதீர்கள், உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள்." நானே ஆட்டோவில் உட்கார்ந்து போனேன். மெயின் தெரு, காலனி, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி எல்லாம் முடித்து ஏரிக்கரைக்கு வந்தபோது உச்சி வெயில். கரைமேல் ஆட்டோ ஏறாது. இறங்கி அரை மைல் நடக்க வேண்டும். கன்னியம்மாவுக்குத் தெரியாததா, நாளைக்குப் பார்த்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று வண்டியைத் திருப்பச் சொன்னேன். அறிக்கையில் 'அனைத்துக் குக்கிராமங்களிலும் அறிவிப்புச் செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நாளை வரவே இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும். காலை பத்து, பத்தரை மணி. மருந்தகத்துக்கு எதிரே டவுன் பஸ் நடுரோட்டில் நின்று, ஜனங்கள் முன் வழியிலும் பின் வழியிலும் குதித்து ஓடிவந்தார்கள். நடத்துநர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விசில் ஊதிக்கொண்டிருந்தார். கடைசியாகக் கன்னியம்மா இறங்கினாள், கையில் யூரியா பை. உள்ளே மூன்று செத்த நாமக்கோழிகள்.

பையில் என்ன என்று நடத்துநர் கேட்டிருக்கிறார். "செத்த நாமக்கோளி, டாக்டரு அறுத்துப் பாக்கறதுக்கு எத்துகினு போறேன்" என்று இவள் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருக்கிறாள். வழக்கமாக நடந்து வருகிறவள் அன்றைக்கு மட்டும் பஸ் ஏறியதற்குக் காரணம் வெயில். நடந்தால் அழுகிவிடும், அழுகினால் எனக்கு உபயோகப்படாது. பத்து வருஷமாக நான் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்திருந்தாள்.

ஐந்து நிமிஷத்தில் இருநூறு பேர் கூடிவிட்டார்கள். யாரோ பத்திரிகைக்காரருக்குப் போன் செய்கிற சத்தம் கேட்டது. பஸ்ஸில் வந்த ஒரு பெண், தன் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு கலவரத்திலும் கன்னியம்மா ஒருத்திதான் நிதானமாக, வேலை விஷயமாகப் பேசினாள்.

"கய்த்துப் பைய அமுக்கிப் பாத்தேன் சார். உள்ள நெல்லு கீது. ஊதா கலரா கீது சார். எவனோ வயல்ல மருந்து வச்சிகிறான். இன்னும் பத்துப் பன்னெண்டு கரையோரமா கெடக்குது, வந்து பாரு."

நெல் வயலில் பூச்சிக்குப் போடுகிற குருணை மருந்து ஊதா நிறம். நாமக்கோழி இளம் நாற்றைக் கடித்துப் பாழாக்கும் என்பதால் அதை நெல்லில் கலந்து வைக்கிறவர்கள் அந்தப் பக்கத்தில் உண்டு. இரண்டும் எனக்குத் தெரியும். அவள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். நான் கூட்டத்தைப் பார்த்தேன். கூட்டம் என்னைப் பார்த்தது.

"வாய மூடு! உன்ன யாரு இதத் தொடச் சொன்னது? யாரு பஸ்ல ஏத்திக்கிட்டு வரச் சொன்னது?" என்று கத்தினேன்.

"நீதான சார் சொன்ன. எது செத்தாலும் கொண்டானு."

"நான் எப்பச் சொன்னேன்? தொடாத, தொடாதன்னு ஊர் பூரா மைக் வச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன்! கேட்டியா நீ?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். "இதுங்களுக்குச் சொன்னா எங்க புரியுது?" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். எனக்கு அப்போது வந்த உணர்ச்சியை மறைக்காமல் சொல்கிறேன்: அப்பாடா என்று இருந்தது.

மத்தியானம் என் மேலதிகாரி ஜீப்பில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர், என்னைப் போல. இந்த நோய் என்று சந்தேகம் வந்தால் பறவையை அங்கேயே அறுக்கக்கூடாது என்பது விதி. முறைப்படி மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, வடக்கே இருந்த பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். மூன்று பறவைகளையும் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்தோம். ஊதா நெல்லும் அதோடு புதைந்தது. கரையோரம் கிடந்த மற்றவற்றையும் பிறகு அப்படியே புதைத்தோம்.

"அந்தக் குடியிருப்புக்கு ஆட்டோ போச்சா?" என்று கேட்டார்.

"போச்சு சார்."

"அப்ப உனக்கு ஒண்ணும் இல்ல. 'எச்சரிக்கையை மீறிக் கொண்டுவந்தார்'னு எழுது. அங்க கோழி எத்தன இருக்கு?"

"எப்படியும் எண்பது, தொண்ணூறு இருக்கும் சார்."

"எடுத்துடு. ரிசல்ட் பாசிட்டிவ்னு வந்து, கோழி அங்க மேஞ்சிக்கிட்டு இருந்தா ரெண்டு பேர் தலையும் உருளும்."

"அதுக்கு ஆர்டர் வேணுமே சார்?"

"ஆர்டர் எதுக்கு? அவங்களா முன்வந்து ஒப்படைச்சதா எழுதிக் கைநாட்டு வாங்கிக்கோ."

நோய் என்று உறுதியாகாமல், உத்தரவு இல்லாமல் ஒருவருடைய கோழிகளை அழிக்க நமக்கு அதிகாரம் கிடையாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றே போனேன். ஆட்டோ ஏறாத அதே கரைமேல் அன்றைக்கு நடக்க முடிந்தது.

நாட்டுக்கோழி அவ்வளவு எளிதில் கைக்கு அகப்படாது. நானும் என் ஆட்களும் முகமூடியோடு ஓடி ஓடி மூச்சு வாங்கினோம், வேலிக்குள் புகுந்து விழுந்தோம். கன்னியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு கை நொய் எடுத்துவந்து தூவி, "ப்பா, ப்பா" என்று கூப்பிட்டாள். தினமும் கேட்டுப் பழகிய குரல். எல்லாம் ஓடிவந்து அவள் காலடியில் கூடின. "புட்சிக்கோ சார்" என்றாள். குனிந்து பிடித்தேன். சாயங்காலத்துக்குள் பத்தொன்பது வீட்டுக் கோழியும் முடிந்தது. நானே ஊசி போட்டு வளர்த்துவிட்ட கோழிகள். 'தாமாக முன்வந்து ஒப்படைத்தோம்' என்ற காகிதத்தில் முதல் கைநாட்டு அவளுடையது.

மறுநாளிலிருந்து அந்தக் குடியிருப்பில் யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நவரைப் பட்டத்து நெல்லில் களையெடுக்கிற நேரம், அவர்களுக்கு வருஷத்தில் நம்பிக்கையான வேலை அது ஒன்றுதான். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். தெருக்குழாயில் அவர்கள் குடம் வைக்கக்கூடாது என்றார்கள். டீக்கடையில் தனி கிளாஸ்கூடக் கிடையாது, பக்கத்திலேயே வராதே என்றார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். கேட்டால் எல்லோரும் ஒரே பதில்: "டாக்டரே வந்து கோழியெல்லாம் கொன்னுட்டுப் போனாரே, ஒண்ணும் இல்லாமலா?"

முடிவு வர இருபது நாள் ஆயிற்று. கிருமி இல்லை. பறவைக் காய்ச்சல் இல்லவே இல்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்கு ஓடினேன். என்னமோ நல்ல சேதி கொண்டுபோகிற நினைப்பு எனக்கு. கன்னியம்மா வாசலில் காலி உரப்பைகளைக் கோணியாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா போட்டுகீது சார் அதுல?"

"நோய் இல்லைன்னு போட்டிருக்கும்மா. உங்க பேர்ல ஒரு தப்பும் இல்ல."

"எனுக்கு அன்னிக்கே தெரியும் சார், மருந்து வச்ச நெல்லுன்னு." ஊசியைக் கோணியில் குத்தி வைத்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லிகினு கீற? டீக்கடையாண்ட வந்து சொல்லு. பஸ் நிக்கற எடத்துல வந்து சொல்லு. நான்தான் கொண்டாரச் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும். கோளி கூட வேணாம் சார். களைக்குக் கூப்புட்டாங்கன்னா பொயச்சிக்குவோம்."

அவள் கேட்டது அவ்வளவுதான். "சொல்றேன்மா, நாளைக்கே சொல்றேன்" என்றேன்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். "என்னய்யா, பைத்தியமா உனக்கு?" என்றார். "நோய் இல்லன்னு மைக் வச்சுச் சொன்னா, அப்புறம் எதுக்குக் கோழியக் கொன்னீங்கன்னு கேப்பான். யார் ஆர்டர்னு கேப்பான். நீதான் கொண்டாரச் சொன்னேன்னு வேற சொல்லப் போறியா? விடு. ரெண்டு மாசத்துல எல்லாம் மறந்துடுவான்." எனக்கு அந்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. இவையெல்லாம் காரணம் ஆகுமா என்று கேட்காதீர்கள், அன்றைக்கு ஆயிற்று. அந்தக் காகிதத்தைக் கோப்பில் வைத்துக் கட்டினேன். டீக்கடைப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டேன்.

சித்திரை பிறப்பதற்குள் பதினோரு குடும்பங்கள் பாலாற்றைத் தாண்டி எங்கோ செங்கல் சூளைக்குப் போய்விட்டன. கன்னியம்மா குடும்பமும் போனது. முன்பணம் வாங்கிக்கொண்டு அங்கே போனவர்கள் நினைத்தபோது திரும்பி வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஊர் மட்டும் மேலதிகாரி சொன்னது போல இரண்டே மாதத்தில் மறந்துவிட்டது. பதவி உயர்வு எனக்கு வந்தது. உத்திரமேரூரிலேயே கொடுத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து வங்காளத்தில் மறுபடி அந்த நோய். இந்த முறை வாரம் ஒரு தடவை ஏரிகளைச் சுற்றிப் பார்த்து, செத்த பறவை உண்டா இல்லையா என்று எழுதி அனுப்ப வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டாலும் 'இல்லை' என்று எழுத வேண்டும். நில் ரிப்போர்ட் என்போம். பழைய ஏரிக்கு ஒரு நாள் நானே போனேன். காற்றில் லேசாக நாற்றம் இருந்தது. மிச்சத் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் முழங்கால் தண்ணீரில் ஒருத்தி நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிட்டே போனதும் தெரிந்தது, கன்னியம்மா. சூளையிலிருந்து எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஆள் பாதியாகியிருந்தாள். அவளுக்கு ஒரு முழம் தள்ளி, கோரைக்கு இடையில், வயிறு ஊதிய கிளுவை ஒன்று மல்லாந்து மிதந்தது. அதற்கும் அப்பால் இன்னொன்று.

"கன்னியம்மா, நல்லா இருக்கியா?"

"கீறேன் சார்."

"பறவை ஏதாவது செத்துக் கிடக்குதா இந்தப் பக்கம்?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் காலை நீட்டி, அந்தக் கிளுவையை மெதுவாகத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, சேற்றில் வைத்து மிதித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல சார்."

இதில் உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். உங்களுக்கு இப்போது நல்ல பாதுகாப்பு உடுப்பு இருக்கிறது, பக்கத்திலேயே ஆய்வுக்கூடம் இருக்கிறது, இரண்டு நாளில் முடிவு வந்துவிடுகிறது. எல்லாம் சரி. ஆனால் எந்த ஏரியில் எது செத்தது என்று முதலில் பார்க்கிறவர்கள் தண்ணீரில் நிற்கிறவர்கள்தான். அவர்கள் வந்து சொன்னால்தான் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வேலை. வந்து சொன்னவளை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்தால் அவள் மட்டுமல்ல, பத்தொன்பது வீடும் வாயை மூடிக்கொள்ளும். அதைத் திறக்க எந்த மருந்தும் நம்மிடம் இல்லை.

அந்தக் கிளுவைகள் எதனால் செத்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இறங்கி எடுத்திருக்கலாம். எடுத்தால், யார் பார்த்தது, பக்கத்தில் யார் இருந்தது என்று முதலில் எழுத வேண்டும், மறுபடி அந்தக் குடியிருப்பின் பெயரை எழுத வேண்டும். கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் காலை எடுக்கவில்லை. ஆபீசுக்குத் திரும்பி வந்து, அந்த வாரத்துப் படிவத்தை எடுத்து, 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.